புளூமிங்டனில் ஐந்து நாள்: வால்டர் காஃப்மன் விட்டுப்போன காகிதங்கள்

நாள் 1, ஞாயிறு

கும்பகோணத்தில் என் தாத்தா விடியற்காலையிலேயே ரேடியோவைத் திருகிவிடுவார். முதலில் கரகரவென்று சத்தம். அப்புறம் தம்புரா சுருதி, அதன்மேல் மெல்ல எழும்பும் ஒரு வயலின். சிவரஞ்சனி ராகத்தின் சாயலில் அந்தச் சின்ன மெட்டு திரும்பத் திரும்ப வரும். அது முடிவதற்குள் பாட்டி வாசல் தெளித்துக் கோலம் போட்டிருப்பாள். அகில இந்திய வானொலியின் அந்த முகப்பு இசையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் என் வயதுக்காரர்களில் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள்.

1936இல் அதை அமைத்தவர் என்று அறியப்படுகிறவர் வால்டர் காஃப்மன். பொஹீமியாவின் கார்ல்ஸ்பாடில், அதாவது இன்றைய செக் நாட்டின் கார்லோவி வாரியில், 1907 ஏப்ரல் 1 அன்று பிறந்த யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மறு வருடம், 1934இல், பம்பாய் வந்து இறங்கினார். சில காலம் தங்கலாம் என்றுதான் வந்தார். பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. 1946இல் லண்டன், அங்கிருந்து கனடாவில் ஹாலிஃபாக்ஸ், பிறகு வின்னிபெக் நகர சிம்பனி வாத்தியக் குழுவின் இசை நடத்துநர், 1957இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் புளூமிங்டன் என்ற இந்த ஊர். இங்கே பல்கலைக்கழகத்தில் இசையியல் பேராசிரியராக இருந்து, 1984இல் இங்கேயே காலமானார். அவர் விட்டுப்போன காகிதங்கள் இண்டியானா பல்கலைக்கழகத்தின் குக் இசை நூலகத்தில் இருக்கின்றன.

நான் சென்னையில் ஒரு நூலகத்தில் பழைய காகிதங்களைச் செப்பனிடும் வேலை பார்க்கிறேன். அண்ணன் மகள் இங்கே படிக்கிறாள். அவளைப் பார்க்க வருவதாக ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நூலகத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு இந்த அக்டோபரில் கிளம்பிவிட்டேன்.

இண்டியானாபோலிஸ் விமான நிலையத்திலிருந்து தென்மேற்கே காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சாலையோர மேப்பிள் மரங்களில் பாதி மஞ்சள், பாதி குங்குமச் சிவப்பு. ஊருக்குள் நுழைந்தால் கட்டடமெல்லாம் சாம்பல் கலந்த வெள்ளைக் கல். இந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் அது. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கே கல் இங்கிருந்துதான் போனதாம்.

தூக்கம் கண்ணைச் சுற்றுகிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

நாள் 2, திங்கள்

காலை பத்து மணிக்கு நூலகத்தில் இருந்தேன். பை, தண்ணீர் பாட்டில், பேனா எல்லாவற்றையும் வெளியே பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பென்சில் மட்டும் கொண்டுபோகலாம். கையைக் கழுவி ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டேன். சினிமாவில் காட்டுகிற மாதிரி வெள்ளைக் கையுறை காகிதத்துக்கு வேண்டியதில்லை. கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாது, கிழிவதே அதனால்தான். புகைப்படத்துக்கு மட்டும் கையுறை.

ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து ஒரு உறை. இரண்டாவது உறையைத் திறக்கும் முன் முதல் உறை உள்ளே போய்விட வேண்டும். எங்கள் நூலகத்திலும் இதே விதிதான். இவ்வளவு தூரம் தாண்டி வந்து அதைக் கேட்டபோது சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

என் முன்னால் வந்தது கையெழுத்து இசைத்தாள்கள். ஐந்தைந்து கோடுகள் அச்சடித்த தாளில் மசியால் எழுதிய ஸ்வரக் குறிகள். எழுத்தில் தடுமாற்றமே இல்லை. முதல் தாளை எடுத்துப் படிக்க ஆரம்பிப்பதற்குப் பதில், பழக்கதோஷத்தில், ஓரங்களைப் பார்த்தேன். மேல் இடது மூலையில் அரை விரல் நீளத்துக்குப் பழுப்புக் கறை, உள்ளே வெள்ளையாக ஒரு கோடு. ஒரு காலத்தில் அங்கே இரும்புக் கிளிப் இருந்திருக்கிறது. கிளிப்பை எப்போதோ யாரோ எடுத்துவிட்டார்கள். துரு மட்டும் தங்கிவிட்டது. தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பிடித்தால் மூன்றாவது வரியில் மசிக்கு அடியில் அழித்த பென்சில் தடம். முதலில் வேறொன்றை எழுதி, மனது மாறி, ரப்பரால் தேய்த்து, மேலே மசியால் முடிவு செய்திருக்கிறார். மசி அவர் தீர்மானித்தது. அந்தத் தடம் அவர் யோசித்தது. ஸ்கேன் எடுத்தால் நேர் வெளிச்சத்தில் இந்தத் தடம் தெரியாமலே போய்விடும். மூலத்தாளை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று நாங்கள் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

மதியம் வரை அதே ஒரு உறைதான். நூலகர் அம்மா வந்து, இன்னொரு உறை எடுத்து வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இது போதும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனார்.

நாள் 3, செவ்வாய்

இன்று உறைகளுக்கு முன்னால் அவருடைய அச்சுப் புத்தகங்களைக் கேட்டு வாங்கினேன். தென்னிந்திய ராகங்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1976இல் இந்தப் பல்கலைக்கழகத்தின் பதிப்பகத்திலிருந்தே வந்தது. வட இந்திய ராகங்கள் பற்றியது அதற்கு எட்டு வருடம் முன்னால்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாட்டுக் கற்றுக்கொண்டவள் என்ற முறையில் அந்தத் தென்னிந்திய நூல் எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. ராகங்களை ஸ்டாஃப் நொட்டேஷனில், அதாவது மேற்கத்திய ஐந்து கோட்டு இசைக்குறியில், ஏறுவரிசை, இறங்குவரிசையாக நிறுத்தியிருக்கிறார். தோடி ராகத்தின் காந்தார ஸ்வரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை, பக்கத்து ஸ்வரங்களுக்கு நடுவே அசைந்துகொண்டே இருக்கிறது. அதை ஒரு புள்ளியாக ஒரு கோட்டில் வைத்தால் அங்கே தோடி இல்லை. ஆனால் இது ஸ்வர வரிசைகளின் அட்டவணைதான் என்று தலைப்பிலேயே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். நொட்டேஷனில் அடங்காததை அடக்கிவிட்டதாக அவர் எங்கேயும் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை. கார்ல்ஸ்பாடில் பிறந்தவர் ஒருவர் எழுபது வயதை நெருங்கும்போது மேளகர்த்தா என்கிற தாய் ராகங்கள், அவற்றிலிருந்து பிறக்கும் ஜன்ய ராகங்கள் என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அதை நினைத்தால் என் குறை சின்னதாகிவிடுகிறது.

இந்திய சங்கீதத்தை முதன்முதலில் கேட்டபோது அவருக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. அதை அவரே பதிவு செய்திருக்கிறார். கோடிக்கணக்கான பேர் மனதாரக் கேட்கிற இசை இது, எனக்குப் புரியவில்லை என்றால் குறை என்னிடம்தான், அது பிறந்த இடத்துக்கே போய்க் கற்க வேண்டும் என்று முடிவெடுத்தார். அந்தக் காலத்து ஐரோப்பியர்களில் எத்தனை பேர் இப்படி யோசித்தார்கள்?

பிராகில் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு மாலர் என்ற இசையமைப்பாளரைப் பற்றி ஆய்வேடு எழுதி முடித்திருந்தார். வழிகாட்டியான பேராசிரியர் உள்ளூர் நாஜி இளைஞர் அமைப்பின் தலைவர் என்று தெரிந்ததும் பட்டத்தை வாங்க மறுத்துவிட்டார். வாங்காத பட்டத்துக்கு எந்தப் பெட்டியிலும் சான்றிதழ் இருக்காது. ஒருவர் வேண்டாம் என்று சொன்னது காகிதத்தில் தங்குவது அபூர்வம். காகிதம் காக்கிறவர்களுக்கு எப்போதும் உள்ள வருத்தம் இது.

பிராகில் அவருக்குப் பாடம் சொன்ன இன்னொருவர் பால் நெட்டல். அவர் 1939இல் குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா வந்து, 1946 முதல் இதே புளூமிங்டனில் பேராசிரியராக இருந்தார். ஆசிரியரும் மாணவரும் பிராகில் பிரிந்து, உலகத்தை ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றி, இந்தச் சுண்ணாம்புக்கல் ஊரில் மறுபடி ஒன்றுசேர்ந்திருக்கிறார்கள். நெட்டலின் மகன் புரூனோ நெட்டல் பெரிய இசை மானுடவியலாளர் ஆனார். 1981, 82இல் நம் மெட்ராஸில் தங்கிக் கர்நாடக சங்கீதத்தை ஆராய்ந்தவர் அவர்தான்.

மதியம் அண்ணன் மகள் நான்காவது தெருவுக்கு மோமோ சாப்பிடக் கூட்டிப்போனாள். அமெரிக்காவின் நடுவில் திபெத்திய உணவகம் எப்படி என்று கேட்டேன். தலாய் லாமாவின் அண்ணன் துப்தென் ஜிக்மே நோர்பு இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் பேராசிரியராக இருந்தாராம். அவர் தொடங்கிய திபெத்தியப் பண்பாட்டு மையம் இன்றும் ஊரில் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் சட்டென்று நினைவு வந்தது. காலையில் அடுக்கிலிருந்து எடுத்த புத்தகங்களில் ஒன்று 1975இல் வந்த திபெத்திய பௌத்த ஓதல் முறை பற்றியது. எழுதியவர் காஃப்மன், திபெத்திய மூலத்தை மொழிபெயர்த்துக் கொடுத்தவர் நோர்பு. நாடிழந்த இரண்டு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து, மூன்றாவது ஒரு நாட்டின் காகிதத்தில், ஒருவருடைய மடாலயத்தில் ஓதியதை எழுதி வைத்திருக்கிறார்கள். மோமோ ஆறிப்போனது கூடத் தெரியவில்லை.

நாள் 4, புதன்

இன்று முழுக்கக் காகிதத்தைப் பற்றிய பேச்சு. என் தொழில் என்று தெரிந்ததும் நூலகர் அம்மா ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஒதுக்கினார்.

காகிதம் சாகும் விதம் ஊருக்கு ஊர் ஒன்றுதான். சுமார் 1850க்குப் பிறகு மரக்கூழில் செய்த தாள்கள் அதிகமாயின. மசி பரவாமல் இருக்கப் படிகாரமும் பிசினும் சேர்த்தார்கள். அந்தப் படிகாரமே மெல்ல அமிலமாகி உள்ளிருந்து நாரை அறுக்கிறது. சூடும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். பம்பாயில் பன்னிரண்டு மழைக்காலம் பார்த்த தாளுக்கும் வின்னிபெக் குளிரில் இருந்த தாளுக்கும் விரலிலேயே வித்தியாசம் தெரியும். மடித்த இடத்தில் ஒரு தாள் வளையும், இன்னொன்று அப்பளம் மாதிரி நொறுங்கும்.

போன நூற்றாண்டின் நடுவில் இசையமைப்பாளர்கள் நிறையப் பேர் ஒளி ஊடுருவும் மெல்லிய தாளில் எழுதி, கட்டட வரைபடத்துக்கு எடுப்பது போல அம்மோனியா பிரிண்ட் எடுத்து வாத்தியக்காரர்களுக்குக் கொடுப்பார்கள். அந்தப் பிரிண்ட் வருடமாக ஆகப் பழுப்பாகும், கோடு மங்கும், பக்கத்திலிருக்கும் தாளிலும் கறையை ஏற்றிவிடும். ஆகவே அந்தக் காலத்து இசைத் தொகுப்பு எதைக் கையில் எடுத்தாலும் முதல் வேலை அவற்றைப் பிரித்துத் தனி உறையில் போடுவது. கிளிப், குண்டூசி, ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துவது. செல்லோடேப் ஒட்டியிருந்தால் அதற்குத் தனிப் பொறுமை வேண்டும். கிழிசலுக்கு ஜப்பான் காகிதமும் கோதுமைப் பசையும். பிற்பாடு யாராவது எடுக்க நினைத்தால் தண்ணீர் தொட்டு எடுத்துவிடலாம். திருப்பி எடுக்க முடியாத எதையும் மூலத்தில் செய்யக் கூடாது.

பல்கலைக்கழக நூலகங்களுக்கெல்லாம் பொதுவான ஒரு கிடங்கு ஊரின் ஓரத்தில் இருக்கிறதாம். உள்ளே ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 30 சதவீதம். எங்கள் ஊரில் நவம்பரில் ஈரப்பதம் 80ஐத் தாண்டும். ஏசியை ராத்திரி நிறுத்தினால் காலையில் தாள் வீங்கியிருக்கும். அவர் சொன்ன எண்களைக் கேட்கும்போது பொறாமையாகத்தான் இருந்தது.

ஆனால் நாங்கள் இரண்டு பேரும் அதிக நேரம் பேசியது குளிர்சாதனத்தைப் பற்றி அல்ல, வரிசையைப் பற்றி. ஒருவர் தன் காகிதங்களை எந்த அடுக்கில் விட்டுப்போனாரோ அதைக் கலைக்காமல் வைப்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. பாட்டுத்தாளுக்கு நடுவில் ஒரு மளிகைச் சீட்டு இருந்தால், அதுவும் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும். அந்தப் பாட்டு எப்போது எழுதப்பட்டது என்பதற்கு ஒரே சாட்சி அந்தச் சீட்டின் தேதியாக இருக்கலாம். நாடு விட்டு நாடு போனவர்களின் காகிதத்தில் இது இன்னும் முக்கியம். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. எதை எடுத்தார், எதன் பக்கத்தில் எதை வைத்தார் என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது.

ராத்திரி சாப்பிடும்போது அண்ணன் மகள் கேட்டாள்: “அத்தை, பம்பாயில எழுதினதெல்லாம் நம்ம நாட்டுக்குத்தானே வரணும்? நம்ம ரேடியோவுல வேலை பார்த்தவர்தானே?”

நியாயமான கேள்வி. 1937 முதல் 1946 வரை பம்பாய் வானொலியில் ஐரோப்பிய இசைப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். அங்கே சின்னக் குழுவாக வாசிக்கும் மேற்கத்திய அறை இசைக்கு ஒரு சங்கம் தொடங்கி, வியாழக்கிழமைதோறும் கச்சேரி நடத்தினார். பிரபல இசை நடத்துநர் சுபின் மேத்தாவின் அப்பா மேலி மேத்தா அதில் வயலின் வாசித்தவர். ‘அனசூயா’ என்று ஒரு வானொலி இசை நாடகம் 1938இல் ஒலிபரப்பானது. இதெல்லாம் நமக்கும் சொந்தம் என்று சொல்லலாம்.

இருந்தாலும் வேண்டாம் என்றேன். “பம்பாய்த் தாளை நாம கேட்டா, வின்னிபெக்காரங்க அவங்க பங்கைக் கேப்பாங்க. கார்லோவி வாரிக்காரங்க இளவயசுத் தாளைக் கேப்பாங்க. அப்புறம் அந்த மனுஷன் எங்கேயும் முழுசா இருக்க மாட்டார். வாழ்க்கை பூரா அவரைத் துண்டு துண்டாக்கினது போதும். காகிதமாவது ஒரே இடத்துல இருக்கட்டும்டா.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் அவருடைய முதல் மனைவியைப் பற்றிக் கேட்டாள். கெர்ட்டி, எழுத்தாளர் காஃப்காவின் தங்கை எல்லியின் பெண். கெர்ட்டி பம்பாயில் இருந்தபோது எல்லியை 1941இல் நாஜிகள் பிராகிலிருந்து, யூதர்களை அடைத்துவைத்த லோட்ஸ் கெட்டோவுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. காஃப்காவின் மற்ற இரண்டு தங்கைகளுக்கும் அதே கதிதான்.

அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. அவள் எழுந்து பாத்திரம் கழுவினாள், நான் துடைத்து வைத்தேன்.

நாள் 5, வியாழன்

கடைசி நாள். அதுவும் வியாழக்கிழமை, அவருடைய பம்பாய்க் கச்சேரிக் கிழமை.

காலையில் நூலகத்தில் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு 2020இல் சாண்டோஸ் நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டைக் கேட்டேன். டொராண்டோ ராயல் கன்சர்வேட்டரியின் ஏ.ஆர்.சி. குழு வாசித்தது. பல வருடம் கையெழுத்தாகவே கிடந்த, நான்கு தந்தி வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் நால்வர் இசையை இங்கேயுள்ள தாள்களிலிருந்து எடுத்து உயிர் கொடுத்திருக்கிறார்கள். பதினோராவது நால்வர் இசையில் ஓர் இடத்தில் தந்திகள் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்ள, ஒரு வயலின் மட்டும் மேலே அலைகிறது. சட்டென்று கும்பகோணத்து விடியற்காலை. கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. பெட்டியில் தாள் இருந்ததால்தான் இது காதில் விழுகிறது. மூலையில் துருவோடு இருந்தாலும் இருந்தது, அவ்வளவுதான்.

அவருடைய வெளியிடப்படாத படைப்புகளுக்கு அமெரிக்கச் சட்டப்படி அவர் இறந்து 70 வருடம் வரை காப்புரிமை உண்டு. 2055 பிறந்தால்தான் யார் வேண்டுமானாலும் எடுத்து வாசிக்கலாம். அதுவரை அந்தத் தாள்கள் நொறுங்காமல் இருக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுத்தான் எங்கள் வேலை ஓடுகிறது.

எனக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த டீச்சரிடம் முப்பதுக்கும் மேலே நோட்டுகள் இருந்தன. அபூர்வ கீர்த்தனைகள், அவருடைய குரு சொன்ன சங்கதிகள், பக்கவாட்டில் சிவப்பு மையில் ‘இங்கே மூச்சு எடுக்கக் கூடாது’ என்றெல்லாம் எழுதியிருக்கும். டீச்சர் போன மூன்றாம் மாதம் வீட்டைக் காலி செய்தவர்கள் அத்தனையையும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் சென்னையிலிருந்து போய்ச் சேர்வதற்குள் பழைய பேப்பர் கடையிலிருந்தும் லாரி ஏறிவிட்டது. யாரிடமும் கோபப்பட முடியவில்லை. அவர்களுக்கு அது பழைய நோட்டு. இந்தத் தொழிலுக்கு நான் வந்ததே அந்த வருடம்தான்.

ஒரே ஒரு நோட்டு பிழைத்தது, நான் எழுதிக்கொள்ள இரவல் வாங்கியிருந்ததால். பல வருடமாகக் கும்பகோணத்தில் அக்கா வீட்டுப் பீரோவில் இருக்கிறது. உலகத்துக் காகிதத்தையெல்லாம் செப்பனிடுகிறேன், அதை மட்டும் தொடாமல் வைத்திருந்தேன். தொட்டால் டீச்சர் போனது உறுதியாகிவிடும் என்று ஒரு எண்ணம்.

விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் அக்காவுக்குப் போன் போட்டேன். அங்கே ராத்திரி பத்தரை. நோட்டை எடுத்து வரச் சொன்னேன்.

“எடுத்துட்டேன். மேலே போட்ட ரப்பர் பேண்ட் காஞ்சு அட்டையோட ஒட்டிப்போச்சுடி.”

“இழுக்காதே அக்கா. கத்தரியால ஒட்டாத இடத்துல வெட்டு. ஒட்டினது அப்படியே இருக்கட்டும், நான் வந்து பாத்துக்கறேன்.”

கத்தரி தேடுகிற சத்தம், வெட்டுகிற சத்தம் எல்லாம் கேட்டது.

“உள்ளே ஏதோ பால் கணக்குச் சீட்டு இருக்கு. தூக்கிப் போட்டுடவா?”

“வேண்டாம். எந்தப் பக்கத்துல இருக்கு?”

“காம்போதி பாட்டு இருக்கற பக்கம். பக்க நம்பரெல்லாம் இல்லை.”

“அங்கேயே இருக்கட்டும். சீட்டுல தேதி இருக்கா பாரு.”

“இரு, கண்ணாடி எடுத்துட்டு வரேன்” என்றாள் அக்கா.